கயிறு

பனச்சமூட்டில் இரவுப் பணி.
சாயாக்கடையின் அடுப்பு தமிழ்நாட்டில்,
தம்ளர் கழுவுகிற தொட்டி கேரளத்தில்.
நடுவில் என்னுடைய கம்பு:
சிவப்பு, வெள்ளை, சிவப்பு, துரு.

போன ஞாயிறு போதகர் யோபு தங்கையன்
தெசலோனிக்கே ஊருக்குப் போன கடிதத்தில்
ஒரே வசனத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்.
கேடு ஏற்கெனவே வேலையில் இருக்கிறதாம்,
மறைவாக, தினக்கூலிக்கு.
முழு உருவமாய் வந்து நிற்காததற்குக் காரணம்
எவனோ ஒருவன் தடுத்துக்கொண்டிருப்பதுதான்,
அவனை நடுவிலிருந்து எடுக்கும்வரை.

எவன் என்று கடிதத்தில் இல்லை.
உங்களுக்குத்தான் தெரியுமே என்கிற தோரணையில்
அப்போஸ்தலர் கடந்து போகிறார்.
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.
தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள்.
ஒருத்தனாவது ஓர் ஓரத்தில் குறித்து வைத்திருக்கலாம்.

ஆராதனை முடிந்து செருப்புத் தேடுகிற இடத்தில்
சண்டை.
பரிசுத்த ஆவி என்றார் கமிட்டிச் செயலர்.
அரசாங்கம்தான், சட்டம்தான்,
அந்தக் காலத்தில் ரோமாபுரி, இப்போது தாலுகா ஆபீஸ் என்றார்
ரிட்டயர்டு வி.ஏ.ஓ. பொன்னையன்.
அவரைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.
மிகாவேல் தூதன், என்றாள் கல்லூரிக்குப் போகும் ஜெஸ்லின்,
கையில் வாள் இருப்பதுபோல.
சுவிசேஷம் இன்னும் போய்ச் சேராத ஊர் ஒன்று இருக்கும்,
அந்த ஊர்தான் தடை என்றான் கண்டக்டர் எட்வின்.
"அது எந்த ஊருடே? பஸ் உண்டுமா?"

என்னை யாரும் கேட்கவில்லை.

கம்பைப் பற்றிச் சொல்கிறேன்.
அது கிடக்க விரும்புகிறது, நாங்கள் தூக்குகிறோம்
என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.
இல்லை. பின்முனையில்
கான்கிரீட் அடைத்த பெயின்ட் டப்பா தொங்குகிறது.
அதன் ஆசை முழுக்கத் திறப்பதுதான்.
ஒரு கயிறு கொக்கியில் சுற்றியிருப்பதால்
கீழே கிடக்கிறது.
கேடு செய்ய யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.
கயிற்றை விட்டால் போதும்.

இந்தப் பக்கத்து மலை
டிப்பரில் ஈரம் சொட்ட அந்தப் பக்கம் போகிறது.
அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி
தென்னஞ்சகிரிக்கு அடியில் இந்தப் பக்கம் வருகிறது.

ஆடியில் ஒரு மழைராத்திரி
விட்டேன்.
ஆயிரத்து ஐந்நூறு. மகள் அபிஷாவுக்கு டியூஷன் பாக்கி.
சக்கைப்பழம் என்றுதான் டிரைவர் சொன்னான்.
எனக்கு மூக்கு உண்டு.
மூன்றாம் நாள் எங்கள் ஓடையில்
கையுறைகள் மிதந்தன,
காற்று உப்பி, ஐந்து விரலும் விரித்து,
ஆசீர்வாதம் கூறுவதுபோல.

ஏழு தலை, பத்துக் கொம்பு என்று
சிறுவயதிலிருந்து பயந்திருக்கிறேன்.
வந்தது நம்பர் பிளேட்டில் சேறு பூசிய லாரி.
விளக்கைத் தணித்து, மரியாதையாகத்தான் வந்தது.

வீட்டில் புஷ்பலீலா முழங்காலில் நிற்பாள் இந்நேரம்.
ஆண்டவரே, சீக்கிரம் வாரும்.
அவர் வர வேண்டுமென்றால் முதலில் அந்த மற்றவன் வர வேண்டும்.
அவன் வர வேண்டுமென்றால் தடுப்பவன் போக வேண்டும்.
இவள் அறியாமல் கேட்பது
என் இடமாற்றத்தை.
நானும் ஆமென் என்றேன்.
ஆமென் என்றுவிட்டு, டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டு
டியூட்டிக்கு வந்தேன்.
ஆண்டவரே வாரும்.
திங்கட்கிழமை அபிஷாவுக்குக் கணக்குப் பரீட்சை,
அதுவும் முடியட்டும்.

மணி மூன்றே கால்.
ரப்பர் வெட்டுகிறவர்களின் நெற்றிவிளக்குகள்
மரங்களுக்குள்
எது எந்த மாநிலம் என்று பாராமல் அலைகின்றன.
ஸ்டூலில் வின்சிலின் தூங்குகிறான்.
எழுப்பினால் அவனுக்கும் பங்கு.

வெள்ளறடை ரோட்டில் ஒரு லாரி விளக்கைத் தணிக்கிறது.
கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றுகிறேன்,
உள்ளங்கை எரிகிறது.
கண்ணாடி இறங்குகிறது.
"சாரே, சுகமல்லே?"

அதே குரல்.